சுவீடன் நாட்டு இசைக்குயில் ஜென்னி லிண்ட்

கலைகளுள் காலத்தின் கையில் எளிதில் அழிவது நிகழ்கலையே ஆகும். கவிஞன் மறைந்தாலும் அவன் யாத்த பாடல் ஏட்டில் நிற்கிறது. சிற்பி மறைந்தாலும் அவன் செதுக்கிய கல் நிற்கிறது. நடிகருக்கும் பாடகருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. அவர்தம் கலை, அது பிறந்த அரங்கிலேயே மறைந்தும் போகிறது. ஒலிப்பதிவுக் கருவி தோன்றுவதற்கு முன் வாழ்ந்தவர்களுக்கு இவ்வுண்மை முழுமையாகப் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஒருசேரக் கவர்ந்த நாடகநடிகையும் பாடகியுமான ஜென்னி லிண்ட் அத்தகையோருள் தலையாயவர். இன்று அவர் குரலைக் கேட்க வழியில்லை. ஆயினும் அவர் பெயர் நிலைத்துள்ளது. குரல் மறைந்தபின்னும் பெயர் நிலைத்ததற்கான காரணத்தை அவர்தம் வாழ்க்கை வரலாறே விளக்குகிறது.

பிறப்பும் இளமையும்

ஜென்னி லிண்ட் 1820ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் சுவீடனின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் நிக்லாஸ் யோனாஸ் லிண்ட் கணக்கர். தாயார் அன்னா மரியா ஃபெல்போர்க் பெண் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்தி வந்தவர். ஜென்னி பிறந்தபோது பெற்றோர் மணம் செய்து கொண்டிருக்கவில்லை. தாயார் தம் முதற்கணவரைச் சட்டப்படி மணவிலக்குச் செய்திருந்தார். எனினும் அவர் உயிரோடு இருக்கும்வரை மறுமணம் செய்வது சமய நெறிக்கு முரண் எனக் கருதினார். முதற்கணவர் இறந்த பின்னரே, மகளுக்குப் பதினான்கு வயதானபோது, ஜென்னியின் பெற்றோர் மணம் புரிந்தனர். முறைப்படி மணவாத பெற்றோர்க்குப் பிறந்த குழந்தை என்னும் பழி அக்காலச் சமூகத்தில் எளிதாகக் கடக்கக் கூடியதன்று. பிற்காலத்தில் அவர் காட்டிய கடுமையான ஒழுக்கப் பற்றுக்கும், ஆதரவற்ற குழந்தைகள்பால் கொண்ட நீங்காப் பரிவுக்கும் இப்பழியின் நிழலில் கழிந்த இளமையே வேர் எனலாம்.

கைக்குழந்தைப் பருவத்தில் அவர் வளர்ந்தது தாயின் மடியிலன்று. ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஒரு சிற்றூரில் தேவாலயப் பணியாளர் ஒருவரின் வீட்டில் ஒப்படைக்கப்பட்டிருந்தார். பின்னர்ச் சிலகாலம் பாட்டியின் அரவணைப்பு கிடைத்தது. தெருவில் சென்ற படைவீரர்களின் ஊதுகொம்பிசையைக் கேட்ட குழந்தை, அதனைப் பியானோவில் தானாகவே மீட்டிக் காட்டிய செய்தியை அவர்தம் வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். பேத்தியின் இசையறிவை முதன்முதல் உணர்ந்தவர் அப்பாட்டியே ஆவார்.

நாடகப் பள்ளி

ஜென்னிக்கு ஒன்பது வயதானபோது அவர் வாழ்க்கையின் திசை மாறியது. சாளரத்தருகே அமர்ந்து தன் பூனைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பது அச்சிறுமியின் வழக்கம். அதனைத் தெருவில் சென்ற பணிப்பெண் ஒருத்தி கேட்டு வியந்தாள். அவள் அரச நாடக அரங்கின் நடனமணியான லுண்ட்பெரியிடம் வேலை செய்தவள். பணிப்பெண் சொல்லக் கேட்ட லுண்ட்பெரி சிறுமியை வரவழைத்துப் பாடச் செய்தார். பின் அரங்கின் இசையாசிரியர் குரோலியசிடம் அனுப்பி வைத்தார். மெலிந்த தோற்றமும் எளிய முகமும் கொண்ட சிறுமியைக் கண்டபோது அரங்கத் தலைவர் முதலில் தயங்கினார். அவள் பாடக் கேட்டதும் தயக்கம் நீங்கிற்று. உணவும் உடையும் கல்வியும் அரங்கத்தின் செலவிலேயே அமைய, ஜென்னி அரச நாடகப் பள்ளியின் மாணவியானார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஜென்னி லிண்டைப் பாடகி என்றே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் முதலில் பயின்றது நடிப்பையே. பத்து வயதில் மேடையேறிய அவர், உரையாடல் நாடகங்களில் சிறுவேடங்கள் பல தாங்கினார். நடை, பேச்சு, முகபாவம், நடனம் ஆகிய அனைத்திலும் பயிற்சி பெற்றார். பிற்காலத்தில் இசைநாடக மேடையில் அவர் நின்றபோது, பாடகி ஒருத்தி வேடமிட்டு நிற்பதாகத் தோன்றாமல், கதைமாந்தரே வந்து நிற்பதாகத் தோன்றியதற்கு இப்பயிற்சியே அடிப்படையாயிற்று.

1838ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள், வேபர் இயற்றிய ‘டேர் ஃபிரைஷுட்ஸ்’ என்னும் இசைநாடகத்தில் அகாத்தே வேடம் ஏற்றார். அன்று மாலை வரை திறமையுள்ள மாணவியாக இருந்தவர் அன்றிரவு ஸ்டாக்ஹோமின் முதன்மைக் கலைஞர் ஆனார். தம் ஆற்றலைத் தாமே உணர்ந்த அந்த நாளை அவர் வாழ்நாள் முழுவதும் இரண்டாம் பிறந்தநாளாகப் போற்றி வந்தார். பாமினா, ஆலிஸ், லூசியா எனப் புகழ்பெற்ற வேடங்கள் அடுத்தடுத்து அவரை நாடி வந்தன. 1840இல் அரசவைப் பாடகர் என்னும் சிறப்பும், சுவீடன் அரச இசைக் கழகத்தின் உறுப்பினர் பதவியும் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது இருபது.

குரல் இழந்ததும் மீட்டதும்

புகழ் வந்த வேகத்திலேயே பேரிடரும் வந்தது. வளர்பருவத்துக் குரலை ஓய்வின்றிப் பயன்படுத்தியதாலும், முறையான குரற்பயிற்சி இல்லாததாலும் அவர் தொண்டை நைந்தது. மேல்நிலைச் சுரங்கள் தெளிவிழந்தன. நடுநிலைச் சுரங்கள் கம்மின. சொந்த நாட்டில் புகழின் உச்சியில் இருந்தபோதே தம் குறையை அவர் உணர்ந்தார். அதனை மறைத்து நாள்களைக் கடத்த அவர் விரும்பவில்லை. ஊர் ஊராகச் சென்று பாடிப் பணம் சேர்த்து, 1841இல் பாரிசுக்குப் பயணமானார். அங்கு மானுவேல் கார்சியா என்னும் பேராசானை நாடினார்.

கார்சியா இசைக்குடும்பத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற பாடகியரான மரியா மாலிபிரான், பவுலின் வியார்தோ ஆகியோரின் உடன்பிறந்தார். குரல்வளையைக் கண்ணாடியால் நோக்கும் கருவியை 1854இல் கண்டறிந்தவரும் இவரே. ஜென்னியைப் பாடச் செய்து கேட்ட அவர், குரல் பெரிதும் சிதைந்துவிட்டதைக் கண்டார். பாடம் தொடங்கவில்லை. முதலில் பாடுவதையே நிறுத்துமாறு பணித்தார். பேச்சையும் இயன்றவரை குறைக்கச் சொன்னார். தாய்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டலைக் கேட்டுப் பழகிய ஓர் இளம்பெண், மொழி தெரியாத மாநகரில், இனிக் குரல் திரும்புமா என்னும் ஐயத்தோடு வாரக்கணக்கில் மௌனம் காத்தார்.

மௌன நோன்பு முடிந்தபின் கார்சியா மீண்டும் அழைத்துக் கேட்டார். நம்பிக்கை பிறந்தது. பயிற்சி தொடங்கிற்று. மூச்சை ஆளும் முறை, சுரங்களை இணைக்கும் முறை, குரலை வருத்தாமல் ஒலியைப் பெருக்கும் முறை ஆகியவற்றை முதல்வகுப்பு மாணவி போல் அடியிலிருந்து கற்றார். ஏறத்தாழப் பத்துத் திங்கள் இப்பயிற்சி நீடித்தது. பின்னாளில் உலகம் வியந்த குரல், இயற்கை தந்த குரல் மட்டுமன்று. இழந்து, பொறுத்து, உழைத்து மீட்ட குரலாகும். நடுநிலைச் சுரங்களில் மட்டும் மெல்லிய மூட்டம் கடைசிவரை நீங்கவில்லை என்பர். அக்குறையையும் மறைத்துப் பாடும் நுட்பம் அவருக்குக் கைவந்தது.

பாரிசு இசைநாடக அரங்கில் அவர் பாடிக் காட்டியதனால் ஒப்பந்தம் எதுவும் கைகூடவில்லை. அந்நகரில் அதன்பின் அவர் ஒருபோதும் மேடையேறவில்லை. 1842இல் ஸ்டாக்ஹோம் திரும்பி நார்மா வேடம் தாங்கினார். பழைய ரசிகர்கள் புதிய குரலைக் கேட்டனர்.

ஆண்டர்சனும் பறவைக் கதையும்

1843இல் ஜென்னி டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் சென்றார். சுவீடனுக்கு வெளியே மேடையேற அவருக்கு அச்சம் மிகுதி. நடன ஆசான் பூர்னோன்வில் தம் இல்லத்திலேயே அவரைத் தங்கச் செய்து, தேற்றி, மேடையேற்றினார். உடன் நடித்தோர் டேனிய மொழியில் பாட, ஜென்னி சுவீடிய மொழியில் பாடினார். மொழி வேறுபாடு அவையினர்க்குத் தடையாகவில்லை. அந்நகரில் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளைக் காக்கும் சங்கத்துக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். தம் பாட்டால் பிறர் துயர் துடைக்க இயலும் என்பதை அறிந்து அவர் கண்ணீர் மல்கினார் என்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். அன்று தொடங்கிய அறச்செயல் அவர் இறுதிவரை ஓயவில்லை.

குழந்தைக் கதைகளின் தந்தை எனப் போற்றப்படும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் அவர்பால் ஆழ்ந்த காதல் கொண்டார். ஜென்னி அவரை உடன்பிறந்தாராகவே ஏற்றார். அதற்குமேல் அவர் மனம் செல்லவில்லை. நிறைவேறாத அக்காதல் இலக்கியத்துக்கு ஒரு கொடையாக மாறியது. அதே ஆண்டில் ஆண்டர்சன் எழுதி வெளியிட்ட ‘நைட்டிங்கேல்’ கதைக்கு ஜென்னியின் பாட்டே தூண்டுதல் என்பர். சீனப் பேரரசன் ஒருவன், மணி பதித்த இயந்திரப் பறவையின் பாட்டில் மயங்கி உயிருள்ள பறவையை மறந்தான். அவன் மரணப் படுக்கையில் கிடந்தபோது இயந்திரம் வாய் திறக்கவில்லை. உயிர்ப்பறவையே வந்து பாடி அவனைக் காத்தது என்பது அக்கதையின் சுருக்கம். செயற்கை அணிகள் மலிந்த இசைமேடையில் ஜென்னியின் எளிமை எவ்வாறு தோன்றியது என்பதை இக்கதையினும் நன்றாக விளக்கும் திறனாய்வு வேறில்லை. அவர் ‘சுவீடன் நைட்டிங்கேல்’ என்னும் பெயரால் உலகெங்கும் அழைக்கப்பட்டார்.

மெண்டல்சோனின் நட்பு

1844இல் பெர்லின் நகரம் அவரை வரவேற்றது. அங்கு இசைமேதை ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் நட்பு கிட்டிற்று. கலையில் தூய்மையை நாடிய இருவரும் ஒருவரையொருவர் பெரிதும் மதித்தனர். மெண்டல்சோன் இயற்றிய ‘எலியா’ என்னும் சமய இசைக்காவியத்தின் பெண்குரல் பகுதி, ஜென்னியின் மேல்நிலைச் சுரங்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டதாகும். ஆனால் 1846இல் அது பர்மிங்காமில் அரங்கேறியபோது அவர் அங்குப் பாடவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மெண்டல்சோன் முப்பத்தெட்டு வயதிலேயே மறைந்தார். அவர் தமக்கென அமைத்த பகுதியைப் பாட ஜென்னிக்கு ஓராண்டுக்கும் மேலாக மனம் துணியவில்லை. 1848 டிசம்பரில் இலண்டன் எக்சிட்டர் மண்டபத்தில் அதனைப் பாடினார். அந்நிகழ்ச்சியில் திரண்ட 1,000 பவுண்டைக் கொண்டு மெண்டல்சோன் பெயரால் மாணவர் உதவித்தொகை நிறுவப்பட்டது. அதனை முதன்முதலாக 1856இல் பெற்ற சிறுவன் ஆர்தர் சல்லிவன், பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்மிக்க இசையமைப்பாளராக விளங்கினார்.

இலண்டன் வெற்றியும் மேடைத் துறவும்

1847ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் இலண்டனில் ஜென்னி முதன்முதலாகத் தோன்றினார். விக்டோரியா அரசியார் அவையில் வீற்றிருந்தார். மேயர்பீரின் ‘இராபர்ட் லெ தியாபிள்’ நாடகத்தில் அவர் ஏற்ற ஆலிஸ் வேடம் நகரையே ஆட்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் வெர்டி இயற்றிய ‘இ மஸ்னதியேரி’ அங்கு அரங்கேறியபோது தலைவி அமாலியாவாக நடித்தவரும் அவரே. ‘லா சொன்னாம்புலா’ நாடகத்தில் உறக்கத்தில் நடக்கும் பேதைப் பெண்ணாக அவர் நடித்தது பெரும்புகழ் ஈட்டியது. மாறாக, நார்மா வேடத்தில் கிரிசியின் சீற்றத்தைக் கண்டு பழகிய இலண்டன் ரசிகர்கள், ஜென்னியின் மென்மையான நார்மாவில் முழு நிறைவு கொள்ளவில்லை. வஞ்சமும் வெகுளியும் மிக்க பாத்திரங்களைவிட மாசற்ற உள்ளம் கொண்ட பாத்திரங்களே அவருக்கு இயைந்தன. இதனை அவர்தம் வலிமை என்றும் கூறலாம். எல்லை என்றும் கூறலாம்.

இப்புகழின் நடுவே அவர் உள்ளத்தில் ஒரு போராட்டம் நிகழ்ந்து கொண்டிருந்தது. நாடக மேடையின் பொறாமைகளும், போலிமையும், ஓயாத அலைச்சலும் அவரைச் சலிப்படையச் செய்தன. சமயப் பற்றோ நாளுக்கு நாள் வளர்ந்தது. நார்விச் நகரப் பேராயர் ஸ்டான்லியின் குடும்பத்தாரோடு ஏற்பட்ட பழக்கம் அதனை மேலும் உறுதிப்படுத்திற்று. தமக்கு வாழ்வளித்த மேடையையே அவர் துறக்கத் துணிந்தார். 1849ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், இலண்டனில் முதலில் ஏற்ற அதே ஆலிஸ் வேடத்தில், அரசியாரின் முன்னிலையில் இறுதியாக நடித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டே. அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தும், எத்தனையோ அழைப்புகள் வந்தும், அவர் மீண்டும் வேடம் புனையவில்லை. இழப்பு கலைக்கே என்று அன்று வருந்தியோர் பலர். அவ்வருத்தம் தவறன்று. எனினும் தம் மனச்சான்றுக்கு மாறாக ஒருநாளும் அரங்கில் நிற்க அவரால் இயலவில்லை.

இக்காலத்தில் அவர்தம் மணவாழ்வு பற்றிய முயற்சிகளும் கைகூடவில்லை. படைத்தலைவர் ஹாரிசு என்பவருடன் நிச்சயிக்கப்பட்ட திருமணம், மேடை வாழ்வைப் பாவமெனக் கருதிய அவர்தம் போக்கால் முறிந்தது. மேடையைத் தாமே துறப்பது வேறு. அதனைப் பழிக்கும் ஒருவர்க்குப் பணிந்து துறப்பது வேறு என்பதில் ஜென்னி தெளிவாக இருந்தார்.

அமெரிக்கப் பயணம்

அமெரிக்கக் காட்சிக்கலை வணிகர் பி. டி. பார்னம், ஜென்னியின் பாட்டை ஒருமுறையும் கேட்காமலேயே அவரை அழைக்க முடிவு செய்தார். ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 டாலர் வீதம் 150 நிகழ்ச்சிகள் என்பது ஒப்பந்தம். உடன்வரும் இசையமைப்பாளர் ஜூலியஸ் பெனடிக்ட், பாடகர் பெல்லெட்டி ஆகியோர்க்கான ஊதியத்தையும் சேர்த்து 1,87,500 டாலரை முன்னதாகவே வங்கியில் செலுத்த வேண்டும் என்று ஜென்னி கேட்டார். கடன் பெற்றும் சொத்துகளை ஈடு வைத்தும் பார்னம் அத்தொகையைத் திரட்டினார். சுவீடனில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் அமைக்கும் எண்ணமே ஜென்னியைக் கடல் கடக்கத் தூண்டியது.

1850 செப்டம்பர் 1ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் அவரைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். அவர்களுள் அவர் பாட்டைக் கேட்டிருந்தவர் எவருமிலர் என்றே கூறலாம். அது பார்னமின் விளம்பரம் ஈட்டிய கூட்டம். நுழைவுச் சீட்டுகள் ஏலம் விடப்பட்டன. தொப்பி வணிகர் ஜெனின் முதற்சீட்டை 225 டாலருக்கு எடுத்தார். வரவேற்புப் பாடல் எழுதுவோர்க்கு 200 டாலர் பரிசு என்று அறிவிக்க, 700க்கும் மேற்பட்ட பாடல்கள் வந்து குவிந்தன. பேயார்ட் டெய்லர் என்னும் கவிஞர் பரிசு பெற்றார். தோற்ற கவிஞர்களின் சினத்துக்கும் ஏளனத்துக்கும் அவர் ஆளானது தனிக்கதை. செப்டம்பர் 11ஆம் நாள் காஸில் கார்டன் அரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அதில் தமக்குக் கிடைத்த ஏறத்தாழ 10,000 டாலரை ஜென்னி அந்நகர அறநிலையங்களுக்கே வழங்கினார்.

அமெரிக்கக் கவிஞர் அனைவரும் அவர்பால் மயங்கினர் எனல் பொருந்தாது. வால்ட் விட்மன் அவர் பாடலின் திறத்தை ஒப்பினாலும் அது தம் நெஞ்சைத் தொடவில்லை என்று எழுதினார். 1851 ஜூலையில் நார்தாம்டனில் அவரைக் கேட்ட இளம்பெண் எமிலி டிக்கின்சன், பாட்டைக் காட்டிலும் பாடியவரின் இயல்பே தம்மைக் கவர்ந்ததாகத் தம் உடன்பிறந்தாருக்கு எழுதினார். இருபெருங் கவிஞரின் இக்கருத்துகள் ஜென்னியின் புகழைக் குறைப்பன அல்ல. விளம்பர முழக்கத்துக்கு அப்பால் நின்று கேட்ட செவிகளும் அன்று இருந்தன என்பதற்கு அவை சான்றாகும்.

அம்முழக்கத்தை ஜென்னியும் வெறுத்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பின், 1851இல், ஒப்பந்தம் இடந்தந்தவாறு பார்னமிடமிருந்து விலகித் தம் பொறுப்பிலேயே பயணத்தைத் தொடர்ந்தார். 2017இல் வெளிவந்த ‘தி கிரேட்டஸ்ட் ஷோமேன்’ திரைப்படம் இப்பிரிவுக்குக் காதல் தோல்வியைக் காரணமாகக் காட்டுகிறது. அது வரலாற்றுக்கு முரணான கற்பனை. பார்னமுக்கு அவர் பாட்டு ஒரு சரக்கு. அவருக்கு அது ஓர் அறக்கடன். பிரிவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இல்லறமும் ஆசிரியப் பணியும்

பெனடிக்ட் நாடு திரும்பியபின் பியானோ வாசிக்க வந்தவர் ஆட்டோ கோல்ட்ஷ்மிட். ஹாம்பர்க்கில் பிறந்து லைப்சிக்கில் மெண்டல்சோனின் கல்லூரியில் பயின்ற இவர் ஜென்னியினும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு இளையவர். 1852 பிப்ரவரி 5ஆம் நாள் பாஸ்டனில் இருவரும் மணம் புரிந்தனர். அவ்வாண்டே ஐரோப்பா திரும்பினர். இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். சிலகாலம் டிரெஸ்டனில் வாழ்ந்து, 1858இல் இங்கிலாந்தில் நிலையாகக் குடியேறினர்.

அவர்தம் இசையரங்கு வருவாயில் பெரும்பகுதி அறப்பணிக்கே சென்றது. நார்விச் நகரில் அவர் பாடித் திரட்டித் தந்த பொருளைக் கொண்டு 1854இல் குழந்தைகளுக்கான மருத்துவமனை எழுந்தது. கிரீமியப் போரில் காயமுற்றோர்க்குத் தொண்டாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் அமைந்த நிதிக்காக 1856இல் பாடினார். பறவையின் பெயரால் அழைக்கப்பட்ட பாடகி, அப்பெயரையே குடிப்பெயராகக் கொண்ட செவிலிக்கு உதவியது இனியதோர் இயைபு.

கோல்ட்ஷ்மிட் இலண்டனில் பாக் இசைக்குழுவை நிறுவி, 1876இல் பாக்கின் பி மைனர் வழிபாட்டிசையை அரங்கேற்றியபோது, குழுவின் பெண்குரல்களைப் பயிற்றியவர் ஜென்னியே. உலகப்புகழ் பெற்ற பாடகி, பெயரறியாப் பெண்கள் நடுவே நின்று கூட்டுக்குரலில் தம் குரலையும் கலந்தார். 1883இல் தொடங்கிய அரச இசைக் கல்லூரியில் குரலிசைப் பேராசிரியராகப் பணியேற்றார். கார்சியாவிடம் தாம் பெற்ற வித்தையை அடுத்த தலைமுறைக்கு வழங்கினார். அவ்வாண்டே மால்வர்னில் இரயில்வே ஊழியர் நல நிதிக்காகப் பொதுமேடையில் கடைசியாகப் பாடினார்.

மறைவும் நிலைபேறும்

மால்வர்ன் குன்றுகளில் அமைந்த தம் இல்லத்தில் 1887 நவம்பர் 2ஆம் நாள் ஜென்னி லிண்ட் காலமானார். அவர்தம் செல்வத்தில் ஒரு பகுதி சுவீடனின் ஏழை மாணவர் கல்விக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1894இல் இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில், கவிஞர் மூலை என வழங்கும் பகுதியில், ஹேண்டலின் நினைவுச்சின்னத்தை அடுத்து அவருக்கும் நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது. ஏட்டில் ஒரு வரியும் எழுதிவைக்காத கலைஞர்க்குக் கவிஞரிடையே கிடைத்த இடம் அது. சுவீடன் அரசு 1996இல் வெளியிட்ட 50 குரோனா பணத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2015இல் புதிய தாள் வரும்வரை அந்நாட்டு மக்களின் கைகளில் அவ்வுருவம் உலவியது.

அவர் குரலின் பதிவு எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியுள்ளவை அவர் பாட்டால் எழுந்த மருத்துவமனை, உதவித்தொகை, அவரிடம் கற்றோர் வழிவந்த பயிற்சி, அவரைக் கண்டு பிறந்த ஒரு பறவைக் கதை ஆகியனவே. பாட்டு காற்றில் கரைந்தது. அதன் பயன் கரையவில்லை. புறக்கணிக்கப்பட்ட ஒரு குழந்தை சாளரத்தருகே பாடிய பாட்டு, முகமறியாத எத்தனையோ குழந்தைகளுக்கு மருந்தாகவும் கல்வியாகவும் மாறிய வரலாறே ஜென்னி லிண்டின் வரலாறு ஆகும்.